பிற்பகல் வானொலியின் சிறுவழக்குகள்

பிற்பகல் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையே நம் நாட்டுத் தமிழ் வானொலிகளில் ஒருவகை நிகழ்ச்சி ஒலிபரப்பாவதை யாவரும் அறிவர். அறிவிப்பாளர் ஒருவரோ இருவரோ அன்றாட வாழ்க்கையிலிருந்து சிறியதொரு வினாவை எடுத்து நேயர்முன் வைப்பர். அடுப்படியில் ஆட்சி மாமியாருக்கா மருமகளுக்கா, பிள்ளைகள் அஞ்சுவது தாய்க்கா தந்தைக்கா, கலியாண வீட்டுக்குப் பணம் கொடுப்பது சிறந்ததா பொருள் கொடுப்பது சிறந்ததா என்றாற்போல அவ்வினாக்கள் அமையும். நேயர் தொலைபேசி வாயிலாக வந்து ஏதேனும் ஒரு கட்சியைச் சார்ந்து பேசுவர். இடையிடையே திரைப்பாடல்கள் ஒலிக்கும்; விளம்பரங்கள் வரும்; இறுதியில் எவர்க்கும் வெற்றியோ தோல்வியோ இன்றி நிகழ்ச்சி முடிந்துவிடும்.

கற்றோர் இதனைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவர். திறனாய்வாளர் நாவலையும் சிறுகதையையும் ஆராய்வர். வானொலி நாடகத்தைக்கூட ஆராய்வர். இதனை ஆராய்வாரைக் காண்டல் அரிது. கம்பனும் வள்ளுவனும் சித்தாந்தமும் இடம்பெறும் ஆண்டு மலரொன்றில் இப்பொருளை எடுத்துக்கொள்வது தகுமா என்று அன்பர் சிலர் வினவக்கூடும். எம் மாணவர்தம் பெற்றோர் நாள்தோறும் கேட்கின்ற தமிழ் இதுவேயாதலின், தகும் என்பதே எமது துணிபு. இந்நிகழ்ச்சியும் ஒரு கலைவடிவமே. அதனை அதற்குரிய அளவுகோல் கொண்டே மதிப்பிடல் வேண்டும். வினா எளியது என்பது குறையன்று. எளிய வினாவின் வழியே கனத்த விடையொன்று வந்து சேரும். அவ்வேளையில் அறிவிப்பாளர் என்ன செய்கின்றார் என்பதே உரைகல்.

இதன் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும். கொழும்பில் ஒலிபரப்பு முறையாகத் தொடங்கியது 1925 டிசம்பரில். 1949இல் ‘ரேடியோ சிலோன்’ என்னும் பெயர் வந்தது. மறு ஆண்டு வர்த்தக ஒலிபரப்புத் தொடங்கிற்று. 1967இல் நிலையம் கூட்டுத்தாபனமாயிற்று. இக்காலமெல்லாம் வானொலி பேசிற்று, மக்கள் கேட்டனர். பேசியோர் திறமையாகவே பேசினர் என்பதை மறுத்தற்கில்லை. ‘ஒலிபரப்புக் கலை’ என்னும் நூலை யாத்தவரும், பி. பி. சி. தமிழ் ஒலிபரப்புக்குத் ‘தமிழோசை’ எனப் பெயரிட்டவருமாகிய சோ. சிவபாதசுந்தரம் அவர்கள் நம் நாட்டவரே. சானா எனப்பட்ட சண்முகநாதன் அவர்களின் ‘லண்டன் கந்தையா’ யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கை வானொலி நாடகத்தில் நிலைபெறச் செய்தது. இராஜேஸ்வரி சண்முகம் அவர்களின் குரலில் ஒலித்த ‘பூவும் பொட்டும்’ என்னும் மங்கையர் நிகழ்ச்சியை இன்றும் நினைவுகூரும் தாய்மார் உளர். ஆயினும் இவை யாவும் எழுதியோ திட்டமிட்டோ வழங்கப்பட்டவை. நேயரது பங்கு பாடல் கேட்டு அஞ்சலட்டை எழுதுவதும், அறிவிப்பாளர் தம் பெயரை வாசிக்கின்றாரா என்று காத்திருப்பதுமே.

இவ்விடத்தில் 1970களில் புகழ்பெற்ற ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்னும் தொடர் நம் கவனத்துக்கு உரியது. 1976இல் ‘கோமாளிகள்’ என்ற திரைப்படமாகவும் அது வெளிவந்தது. அதன் சுவை நான்கு பாத்திரங்களின் நான்கு வகைத் தமிழில் இருந்தது: மரிக்காரின் முஸ்லிம் தமிழ், அப்புக்குட்டியின் யாழ்ப்பாணத் தமிழ், ஐயரின் அந்தணர் தமிழ், உபாலியின் சிங்களம் கலந்த தமிழ். தீவின் பேச்சுகளை ஒரே கூரையின்கீழ்க் கூட்டிவைத்த அருமை அதற்கு உண்டு. எனினும் அந்நால்வருள் தோட்டத்துத் தமிழ் பேசுபவர் இலர். இதனை ஆசிரியர்தம் குற்றமாக யான் கூறவில்லை. தோட்டத்துக் குரல் அக்காலத்தில் வானொலிக்குள் எவ்வளவு தொலைவில் நின்றது என்பதற்கு அஃது ஓர் அடையாளம், அவ்வளவே.

வானொலி ஒருவழிப் பாதையாக இருத்தல் கூடாது, கேட்பவனைப் பேசவும் வைத்தல் வேண்டும் என்று செருமானிய நாடகாசிரியர் பேட்டோல்ட் பிரெக்ட் 1932இலேயே எழுதினார். அவர் விரும்பியது வேறுவகைச் சமுதாயம். நமக்கு அவ்வசதி வணிகத்தின் கையால் வந்து சேர்ந்தது. 1998இல் தனியார் தமிழ்ப் பண்பலை வானொலிகள் தோன்றின, நாளெல்லாம் ஒலிபரப்ப வேண்டிய அவற்றுக்குப் பேச்சு மிகுதியாகத் தேவைப்பட்டது, கைத்தொலைபேசி பரவியது, நேயரின் குரலே செலவில்லாத சரக்காயிற்று. நோக்கம் எதுவாயினும், அஞ்சலட்டையில் பெயராக மட்டும் இருந்த நேயர் குரலாக மாறினார்.

பிற்பகல் என்னும் பொழுதுக்கும் ஒரு காரணம் உண்டு. பி. பி. சி. நிறுவனம் 1946 ஒக்டோபர் 7ஆம் நாள் ‘பெண்கள் நேரம்’ என்னும் நிகழ்ச்சியைப் பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கியது. மதிய உணவுக்குப்பின் பாத்திரங்கள் கழுவி முடிந்து, பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்பாத இடைவேளை அது என்பது அவர்தம் கணக்கு. பெண்களுக்கான அந்நிகழ்ச்சியை முதலில் நடத்தியவர் ஓர் ஆடவர் என்பது வேடிக்கை. பின்னர் அது பெண்கள் கைக்கு மாறியது. 1991இல் காலை நேரத்துக்குப் பெயர்ந்தது.

எங்கள் எஹலியகொடப் பகுதியில் இக்கணக்கு வேறு. இது இறப்பர் நிலம். மரத்தில் பால் நன்கு சுரப்பது விடியற்காலையில்; ஆகவே பால் வெட்டுவோர் இருள் பிரியும்போதே மலையேறிவிடுவர். வெட்டு முடிந்து, சிரட்டையில் வடிந்த பாலைச் சேர்த்து, நிறுத்துக் கொடுத்து, நண்பகலையொட்டி லயத்துக்குத் திரும்புவர். தேயிலை மலையில் மாலைவரை கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு இல்லாத ஒரு பிற்பகல் இறப்பர்த் தோட்டத்துப் பெண்ணுக்கு உண்டு. அது ஓய்வு என்று எண்ணற்க. சமையலும் துணி துவைத்தலும் விறகு பொறுக்கலும் அதற்குள் அடங்கும். ஆயினும் காது ஓய்ந்திருக்கும். மரப்பட்டை நனைந்தால் பால் வெட்ட இயலாதாதலின், மழை மிகுந்த சபரகமுவையில் காலையே வேலையற்றுப் போகும் நாள்களும் பல. அந்நாள்களில் லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை ஒரே அறிவிப்பாளரின் குரல் தொடர்ச்சியாகக் கேட்கும். பண்பலை நேர்கோட்டிற் செல்வதாகலின் குன்றின் மறைவிலுள்ள லயங்களுக்கு நன்கு எட்டாது. செவிப்பொறியின் கம்பியே அலைவாங்கியாகத் தொழிற்படும் கைத்தொலைபேசியோடு, ஒலி தெளியும் இடந்தேடி வாசலுக்கும் படிக்கட்டுக்கும் நகர்வோர் பலர். 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு நிகழ்ந்தபோது, தொலைக்காட்சி ஊமையாயிற்று. பழைய மின்கல வானொலிப் பெட்டிகள் பரணிலிருந்து இறங்கின.

மற்றொன்றும் கூறல் வேண்டும். நுவரெலியாவிற்போல இங்கே தமிழர் அடர்ந்து வாழவில்லை. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிறுசிறு தீவுகள்போற் கிடக்கின்றன. சந்தையிலும் பேருந்திலும் மருத்துவமனையிலும் வழங்குவது சிங்களம். லயத்துக்கு வெளியேயிருந்து வந்து தமிழில் ‘நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?’ என்று எம்மவரைக் கேட்கும் குரல் பெரும்பாலும் இவ்வானொலிக் குரல் ஒன்றே. கருத்துக் கேட்கப்படுதல் என்பது நகரத்தார்க்குச் சலிப்பு. இவர்க்கு அது புதிது. ஆகவே அக்கேள்விக்குப் பின் யாது நிகழ்கின்றது என்பது விளையாட்டான பொருளன்று.

இனி வடிவத்தை நோக்குவோம். இந்நிகழ்ச்சிகளைப் பலரும் பட்டிமன்றத்தின் பிள்ளை என்பர். அது பாதி உண்மை. பட்டிமண்டபம் தமிழில் மிகப் பழைய சொல். சோழனுக்கு மகத மன்னன் அளித்த பட்டிமண்டபத்தைச் சிலம்பு கூறும். புகார் நகரத்து இந்திர விழாவில் வாதிடவல்லோர் அம்மண்டபத்தில் ஏறுக என்று அறிவிக்கப்படுவதை மணிமேகலை காட்டும். பின்னாளில் 1939இல் தோன்றிய காரைக்குடிக் கம்பன் கழகம் இலக்கியப் பட்டிமண்டபத்துக்குப் புத்துயிர் அளித்தது. குன்றக்குடி அடிகளார் அதனைப் பொதுமக்களிடம் கொண்டு சென்றார். பேராசிரியர் சாலமன் பாப்பையா அவர்கள் காலத்தில் இலக்கியப் பாத்திரங்கள் விலகி, குடும்பத்து மாமியாரும் மருமகளும் மேடையேறினர். வானொலியின் பிற்பகல் வினாக்கள் இம்மூன்றாம் தலைமுறையிலிருந்தே வந்தவை.

ஆனால் வேறுபாடுகள் பெரியன. பட்டிமன்றத்தில் பேசுவோர் தேர்ந்த பேச்சாளர். அணி முன்னரே பிரிக்கப்பட்டிருக்கும். நகைச்சுவைத் துணுக்குகள் பையில் இருக்கும். நடுவர் இறுதியில் தீர்ப்பு வழங்குவார். வானொலியிலோ பேசுபவர் ஒத்திகை பாராதவர். அடுப்பில் உலை கொதிக்க, இடுப்பிற் குழந்தை அழப் பேசுகின்றார். தீர்ப்பு இல்லை. ஆகவே சொல்லுகின்ற கட்சிக்குத் தம் வாழ்க்கையன்றி வேறு சான்று அவரிடம் இல்லை. பட்டிமன்றப் பேச்சாளர் ‘எங்கள் ஊரில் ஒருவர் இருந்தார்’ என்று தொடங்கினால் அது கதை என்று அவையோர் அறிவர். வானொலி நேயர் ‘எங்கள் வீட்டில்’ என்று தொடங்கினால் அது வீடேதான்.

கௌதமருடைய நியாய நூல் உரையாடலை வாதம், சற்பம், விதண்டை என மூவகைப்படுத்தும். உண்மை காணும் நோக்குடன் இருவர் ஆராய்வது வாதம். வென்றால் போதும் என்று பொருவது சற்பம். தனக்கெனக் கொள்கை ஒன்றும் நிறுவாது பிறர் கூற்றை உடைப்பதே தொழிலாகக் கொள்வது விதண்டை. மேடைப் பட்டிமன்றம் பெரும்பாலும் சற்பம். பிற்பகல் வானொலி சற்பத்தின் உடையணிந்து வருகின்றது. ‘நீங்கள் எந்தக் கட்சி?’ என்றே முதலிற் கேட்கின்றது. ஆனால் பேசுபவரிடம் வெல்லும் கருத்து இல்லாமையால் ஓரிரு நிமிடத்தில் கட்சி மறந்துபோகும். அவர் தம் கதையைச் சொல்லத் தொடங்குவார். அப்போது அது வாதமாக மாறும் வாய்ப்புப் பிறக்கின்றது. இம்மாற்றம் நிகழும் கணமே இவ்வடிவத்தின் உயிர்நிலை.

எல்லா வினாக்களும் இதற்கு இடந்தாரா. ‘காலையில் தேநீர் சிறந்ததா கோப்பி சிறந்ததா’ என்பதைப் போன்ற வினாவில் எவருடைய வாழ்வும் தொங்கவில்லை. அதனை நாள்முழுதும் பேசினும் பேசியவர் பேசியபடியே இருப்பர். ‘காதல் மணமா பெற்றோர் பேசிய மணமா’ என்பது மறுவகைப் பிழை: பெரிய பொருளாயினும் ஆயிரம் முறை மென்றதாகையால் விடைகள் நாவிலேயே உள்ளன, நெஞ்சைத் தொட வேண்டியதில்லை. நல்ல வினா சிறியதாயிருக்கும். ஆனால் வீட்டுக்குள் ஓரிடத்தில் அதன் கொக்கி மாட்டிக்கொள்ளும். ‘வீட்டுக்கு வந்த விருந்தினர் எப்போது எழுந்து செல்ல வேண்டும்’, ‘கொழும்பில் வேலை செய்யும் பிள்ளை ஊருக்கு வரும்போது என்ன வாங்கி வரவேண்டும்’, ‘கடன் கேட்கும் உறவினருக்கு இல்லை என்பது எப்படி’ ஆகியவை இத்தகையன. பிள்ளை வாங்கிவரும் பொருளைப் பற்றிய பேச்சில், கடையிலும் தையல் ஆலையிலும் பிறர் வீட்டிலும் வேலை செய்யும் நம் இளையோர்தம் வாழ்க்கை முழுவதும் அடங்கியிருக்கின்றது. தீபாவளிக்கு உடுப்பு வாங்கி வந்தவன் அடுத்த மாதம் பழைய கடனை அடைக்க இயலாதிருந்ததை ஒரு தாய் சிரித்துக்கொண்டே கூறக் கேட்டிருக்கின்றேன். இத்தகைய வினாவைக் கண்டுபிடிப்பதற்கு அறிவிப்பாளர் மக்களோடு பழகியிருத்தல் வேண்டும். இணையத்தில் தேடி எடுத்த வினா எளிதில் அடையாளங் காணப்படும். அதற்கு எந்த ஊரின் மணமும் இராது.

இங்கே இரு நிகழ்வுகளை எடுத்துக்காட்டுதல் பயன்படும். நிலையத்தின் பெயரும் அறிவிப்பாளர் பெயரும் வேண்டா. இவை ஒருவரோடு நிற்கும் இயல்புகள் அல்ல.

முதலாவது, அடுப்படி ஆட்சி பற்றிய வினா. சிலர் பேசிச் சென்றபின் நம் மாவட்டத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு பெண் பேசினார். ‘எங்க வீட்டுல ஆட்சின்னு யாருக்கும் இல்லைங்க. அடுப்பு ஒண்ணுதான். மாமி சமைச்சா நான் வெளிய நிக்கணும், நான் சமைச்சா மாமி வெளிய நிக்கணும். மழை பேஞ்சா ரெண்டு பேரும் உள்ளுக்குத்தான். அன்னைக்குச் சண்டையும் இல்ல’ என்றார். இதனினும் சிறந்த விடையை அவ்வினாவுக்கு எவரும் கூறியிருத்தல் இயலாது. 10 அடிக்கு 12 அடியான லயத்து அறையும், அதன் புகையும், மூன்று தலைமுறையின் நெருக்கமும் அவ்விடையில் இருந்தன, மழை இருந்தது, மாமியார்மீது பரிவும் இருந்தது. வினாவே பிழையானது என்பதையும் அவர் மென்மையாகக் காட்டிவிட்டார். ஆட்சி செய்வதற்கு முதலில் அடுப்படி என்று ஒன்று வேண்டுமன்றோ! அறிவிப்பாளர் யாது செய்தார்? ‘அப்படியென்றால் அக்கா மாமியார் கட்சி!’ என்று கூவிச் சிரித்தார். பாடல் ஒலித்தது.

‘அந்த அறையில் எத்தனை பேர் இருக்கிறீர்கள், அக்கா?’ என்று ஒரு வினா கேட்டிருக்கலாம். கேட்டிருப்பின் நிகழ்ச்சியின் கலகலப்புக் கெட்டிருக்குமோ? கெட்டிராது என்பதே எமது எண்ணம். அப்பெண்ணின் குரலில் அழுகை இல்லை, குறும்பே இருந்தது. நகையோடு உண்மை வந்தபோது நகையை மட்டும் எடுத்துக்கொண்டு உண்மையை வாசலில் நிறுத்திவிட்டனர்.

இரண்டாவது நிகழ்வு வேறு நாளில், வேறு அறிவிப்பாளரிடம். ‘சம்பளப் பணம் இருக்க வேண்டியது கணவன் கையிலா மனைவி கையிலா’ என்பது வினா. இதுவும் பழகிய வினாவே. நகரத்து நேயர் பலர் ‘அவர் பணம் என் கையில், என் பணமும் என் கையில்’ என்ற பாங்கில் வேடிக்கை பேசினர். பின்னர் வந்த தோட்டத்துப் பெண் ‘மனைவி கையில்தான்’ என்று சுருக்கமாகக் கூறி நிறுத்திக்கொண்டார். அறிவிப்பாளராகிய பெண்மணி உடனே அடுத்தவரை அழைக்கவில்லை. ‘உங்கள் சம்பளத்தை நீங்களே கையெழுத்துப் போட்டு வாங்குகிறீர்களா அக்கா?’ என்று கேட்டார். சிறிது நேரம் ஒலி இல்லை. வானொலியில் மூன்று வினாடி மௌனம் எவ்வளவு நீண்டது என்பதை ஒலிபரப்புக் கலை அறிந்தோர் அறிவர். ‘இப்பத்தான் வாங்குறேன்’ என்றது அக்குரல். ‘எப்போதிருந்து?’ ‘அவரு கொழும்புக்கு வேலைக்குப் போனதிலேர்ந்து.’ அதன்பின் பேசியோர் எவரும் வேடிக்கைக்குத் திரும்பவில்லை. ஒருவர் தம் தாயின் சம்பளத்தைத் தந்தையே வாங்கி வந்த காலத்தைச் சொன்னார். மற்றொருவர் அப்பணத்தில் எவ்வளவு வீடு வந்து சேர்ந்தது என்பதைச் சொன்னார்.

தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்சம்பளம் சமமாக்கப்பட்டது 1984இல். அதற்குமுன் ஒரே மலையில் ஒரே நாள் உழைத்தும் பெண்ணுக்குக் குறைவு. சமமான பின்னும் அப்பணத்தை ஆடவர் வாங்கிச் செல்லும் வழக்கம் பல இடங்களில் நீடித்தது. 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபா என்று அறிவிக்கப்பட்டபோது தொகையைப் பற்றி எல்லா மேடைகளிலும் பேசினர். அது யார் கையிற் போய்ச் சேருகின்றது என்பதைப் பற்றிப் பேசிய மேடை குறைவு. தொழிற்சங்கக் கூட்டத்திலும் கேட்கப்படாத கேள்வியை ஒரு பிற்பகல் நிகழ்ச்சி கேட்டது. அதுவும் பாட்டுக்கும் சவர்க்கார விளம்பரத்துக்கும் இடையே.

இவ்விரு நிகழ்வுக்கும் உள்ள வேறுபாடு ஒரே ஒரு வினாவே. அதனை இரண்டாம் வினா என்று யாம் அழைப்போம். முதல் வினா நிலையத்துக்கு உரியது. அறிவிப்பாளர் தாளில் எழுதிக் கொணர்வது. இரண்டாம் வினா எழுதி வைத்திருக்க இயலாதது. பேசியவரின் விடையைக் கேட்டவருக்கே அது தோன்றும். ஆகவே ஓர் அறிவிப்பாளர் கேட்கின்றாரா, அன்றித் தம் முறை வருவதற்குக் காத்திருக்கின்றாரா என்பதை அறிய இதனினும் எளிய வழி இல்லை.

சிரிப்பைப் பற்றியும் ஒரு சொல். நகை பிறக்கும் நிலைக்களன்களைத் தொல்காப்பியர் நான்காக வகுத்து, எள்ளலை அவற்றுள் ஒன்றாக வைப்பர். பிற்பகல் வானொலியில் எள்ளல் மற்றவற்றை விழுங்கிவிடும் இடங்கள் உண்டு. நம் பகுதியார் சிங்களச் சொற்களை இயல்பாகக் கலந்து பேசுவர். ‘பன்சலை வளைவுக்குக் கிட்ட’ என்று வீட்டுக்கு வழி சொல்வர். அதனைத் திருப்பிச் சொல்லிக் காட்டிச் சிரிக்கும் அறிவிப்பாளர், தாம் அதே மூச்சில் பத்து ஆங்கிலச் சொல்லை உதிர்த்தமையை அறியார். முறைப்பெயர்களிலும் கவனம் வேண்டும். ‘அக்கா’, ‘அண்ணா’ என்று அழைத்தல் அன்புடையதே. தீவு முழுதும் ஒரு குடும்பம் என்ற மயக்கத்தை அது சற்றுப் பொழுதேனும் தருகின்றது. ஆனால் முப்பது வயதுத் தோட்டத்துப் பெண்ணைக் குரலைக் கேட்டவுடன் ‘அம்மா’ என்பதும், அதே வயது நகரத்துப் பெண்ணைப் பெயர் சொல்லி அழைப்பதும் எக்கணக்கிற் சேர்ந்தது? பேச்சை இடைமறித்த இளைஞரிடம், வயது முதிர்ந்த பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் ‘தம்பி, கொஞ்சம் பொறுங்க, நான் சொல்லி முடிச்சிடுறேன்’ என்றதை ஒருமுறை கேட்டேன். அன்று எனக்குண்டான மகிழ்ச்சி பெரிது.

ஆசிரிய நண்பர் பலர் இந்நிகழ்ச்சிகள் தமிழைக் கெடுக்கின்றன என்பர். அறிவிப்பாளர் மொழியைப் பற்றிய அளவில் யான் அவர் கட்சியே. னகரமும் ணகரமும் ஒன்றாய், லகர ளகர ழகரங்கள் ஒன்றாய், தென்னிந்தியத் திரைப்படத்தில் கேட்ட தொனியைக் கடன்வாங்கிப் பேசுவோர் மிகுந்துள்ளனர். ஆனால் அழைக்கும் நேயர்தம் தமிழைக் கெட்டது என்று கூற ஒருப்படேன். அஃது இலக்கணத் தமிழன்று. ஆயினும் சொல்லுக்குச் சொல் பொருள் உடையது. மேலே காட்டிய அடுப்பு விடையை எம் உயர்தர வகுப்பு மாணவர் ஒருவரிடம் கட்டுரையாக எழுதத் தந்தால், ‘தோட்டப்புற மக்களின் வீட்டு வசதிகள் போதியனவாக இல்லை’ என்று எழுதுவார். பிழையற்ற வாக்கியம், மழை மட்டும் அதில் இல்லை.

வேறு சிலர் இவ்வேடிக்கையை நிறுத்தி, அறிஞரை அழைத்துச் சமுதாயப் பிரச்சினைகளை ஆராயலாமே என்பர். ஆராயலாம். ஆனால் ‘தோட்டப் பெண்களின் பொருளாதார உரிமை’ என்று தலைப்பிட்டிருந்தால் அச்சம்பளப் பெண் தொலைபேசியை எடுத்திருக்கமாட்டார். கனத்த தலைப்பு கற்றவரை அழைக்கும். எளிய தலைப்பு எல்லாரையும் அழைக்கும். எளிமையாகிய வாயிலை அடைத்துவிட்டு உள்ளே மக்களைக் காணோம் என்று வருந்துவதிற் பயனில்லை.

நடைமுறையில் இப்போது தோன்றியுள்ள ஒரு மாற்றமே அதிகம் அஞ்சத்தக்கது. நேயரை நேரடியாகப் பேசவிடாது, வாட்ஸ்அப் வாயிலாக ஒலிப்பதிவு அனுப்பச் சொல்லி, அவற்றுட் சிலவற்றைத் தெரிந்து ஒலிபரப்பும் வழக்கம் பரவுகின்றது. நிலையத்துக்கு இதனால் வசதிகள் பல: தகாத சொல் வராது, கோடு அறுந்துபோகாது, நேரம் வீணாகாது. நேயருக்கும் அழைப்புச் செலவு இல்லை. குன்றின் மறைவிலுள்ளவர் அலை கிடைக்கும் இடத்துக்குச் சென்று அனுப்பலாம். இவ்வளவும் மெய். ஆனால் பதிவு செய்து அனுப்பிய குரலிடம் இரண்டாம் வினாவைக் கேட்க இயலாது. ‘மனைவி கையில்தான்’ என்ற இரண்டு சொல்லோடு அப்பெண் முடிந்திருப்பார். அஞ்சலட்டையிலிருந்து குரலுக்கு வந்தோம். மீண்டும் அஞ்சலட்டைக்கே செல்கின்றோம், இம்முறை அட்டை பேசுகின்றது.

இந்நிகழ்ச்சிகளை எவரும் பேணி வைப்பதும் இல்லை. எழுதிப் படித்த நாடகங்களுக்குப் பிரதி என்று ஒன்று இருந்தது. இவை காற்றோடு போகின்றன. எம் மேல் வகுப்பு மாணவர் சிலர் அண்மைக்காலமாக ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் கேட்ட வினாவையும், தோட்டப் பகுதிகளிலிருந்து பேசியவர் கூறிய விடையையும், அதன்பின் அறிவிப்பாளர் கூறியதையும் எழுதி வருகின்றனர். பின்னாளில் இத்துறையை ஆராய்வார்க்கு அது சிறிது உதவலாம். அதில் அண்மையில் எழுதப்பட்ட வினா, ‘மழை நாளில் வீட்டில் இருப்பது இன்பமா துன்பமா’ என்பது. நகரத்தவர் மூவர் இன்பம் என்றனர். சுடச்சுடத் தேநீரும் பலகாரமும் போர்வையும் அவர்தம் சான்றுகள். நான்காவதாகத் தெரணியகலைப் பக்கத்து இறப்பர்த் தோட்டத்தவர் ஒருவர் வந்து, ‘மழைன்னா பேர் விழாதுங்க’ என்றார். அறிவிப்பாளர் இளைஞர், தோட்டம் அறியாதவர் என்பது குரலிலேயே தெரிந்ததாம். சிரிக்காமல், ‘பேர் விழாது என்றால் என்ன அண்ணா?’ என்று கேட்டார். அன்றைய பாடல் நெடுநேரம் பிந்தியே ஒலித்தது என்று குறிப்பேட்டில் உள்ளது.